மாமனார் வயலுக்குக் கீழே ஒரு கொல்லி மலை!

"டேய் கார்த்தீ...!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார் என் மாமனார்.

கத்திய இடம் கொல்லி மலை. கார்த்தி என் பையன். அவன் அப்போது தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக் கொண்டு, மிளகாய்ப் பொடி தூவிய அன்னாசித் துண்டு ஒன்றைக் கடித்துக் கொண்டிருந்தான். ஆகவே அவர் கூப்பிட்டது அவனை இல்லை. எதிரே இருந்த மலைச் சரிவை. இரண்டு செகண்ட் கழித்து மலை, "...ர்த்தீ" என்று மரியாதையாகப் பதில் சொன்னது.

மாமனாருக்கு ஒரே குஷி. "மாப்ள, அந்த மலை இங்கேர்ந்து எவ்ளோ தூரம் இருக்கும்?"

பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்பவர் மாமனாராயிற்றே! மனசுக்குள் கணக்குப் போட்டேன். காற்றில் ஒலி செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். இரண்டு செகண்டில் போக ஒன்று, வர ஒன்று. "340 மீட்டர், மாமா" என்றேன் கம்பீரமாக.

பாராட்டுவார் என்று பார்த்தால், முகம் சுருங்கிவிட்டது.

"இதைத்தானே மாப்ள அந்த வெடிக்காரப் பசங்க நம்ம வயல்ல பண்ணாங்க?"

* * *

'வெடிக்காரப் பசங்க' கதை எங்கள் வீட்டில் ரொம்பப் பிரசித்தம்.

மாமனாருக்குச் சீர்காழிப் பக்கம் ஒன்பது மா நிலம். உங்கள் கணக்கில் மூன்று ஏக்கர். சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் காலையில் ஒரு லாரி, இரண்டு ஜீப், இருபது முப்பது ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஏதோ ஒரு ஒப்பந்தக் கம்பெனி. வரப்போடு வரப்பாக ஒயர் இழுத்தார்கள். அடிக்கொரு முளைக்குச்சி மாதிரி சின்னச் சின்னக் கருவிகளை மண்ணில் குத்தினார்கள். துளை போட்டு, உள்ளே மருந்து வைத்து, "தள்ளிப் போங்க பெரியவரே" என்று சொல்லி 'டும்'! காலுக்குக் கீழே பூமி ஒருமுறை விக்கிக் கொண்ட மாதிரி இருந்ததாம். வரப்பு உடைந்ததற்கு ஒரு தொகை கொடுத்துக் கையெழுத்து வாங்கிக் கொண்டு போய்விட்டார்கள்.

போனவர்கள் போனவர்கள்தான். என்ன தெரிந்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் தீர்ப்பு எழுதி விட்டார்கள். 'பெரியவர் வயலுக்குக் கீழே எண்ணெய் இருக்காம். நாளைக்கே வந்து வளைச்சுப் போட்டுருவான்!' என் மச்சினி கல்யாணத்துக்காக ஒரு ஏக்கரை விற்கலாம் என்று மாமனார் கிளம்பியபோது, பேசி முடித்திருந்த ஆள் பின்வாங்கிவிட்டார். அடுத்து வந்தவர் பாதி விலைக்குக் கேட்டார். கடைசியில் வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. வட்டியில் ஒரு பகுதி இந்தக் கட்டுரையாளரின் சம்பளத்திலிருந்தும் போனது என்பதை என் மனைவி படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆக, ஒரு எதிரொலி எங்கள் குடும்பத்துக்கு வைத்த செலவு கொஞ்ச நஞ்சமில்லை. அதனால்தான் அந்த 'டும்' என்னதான் சொல்கிறது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக் கொண்டிருக்கிறேன். பாதி புரிந்தது. மீதி, நம்புங்கள், கொல்லி மலையில் புரிந்தது!

* * *

விஷயம் பழசுதான். 1921-ல் அமெரிக்காவின் ஓக்லஹாமாவில் ஜே.சி. கார்ச்சர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் தரையில் வெடி வைத்து, பூமிக்குள் இருக்கும் பாறை அடுக்குகளிலிருந்து வரும் எதிரொலியைப் பதிவு செய்து காட்டினார்கள். மண்ணில் குத்துகிற அந்த முளைக்குச்சிக்கு ஜியோஃபோன் என்று பெயர். உள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள். தரை துளி அசைந்தாலும் மின்சாரமாக்கிச் சொல்லிவிடும்.

கேட்க சுலபம். சிக்கல் எங்கே தெரியுமா? கொல்லி மலை பஸ்ஸில்!

காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். 'பஸ் ஒன்றரை மணி நேரம் ஓடிற்று. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?' என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? வேகம் தெரியாமல் சொல்ல முடியாது. கீழே சமவெளியில் பறந்த பஸ், வளைவுகளில் நத்தையாக ஊர்ந்தது. ஒரே வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் தப்பு.

பூமிக்குள்ளும் அதே கதை. வெடி வைத்தவனுக்குக் கிடைப்பது நேரம் மட்டும்தான். ஆழம் வேண்டுமென்றால் ஒலி என்ன வேகத்தில் போயிற்று என்று தெரிய வேண்டும். ஈரக் களிமண்ணில் செகண்டுக்கு ஆயிரத்தைந்நூறு மீட்டரை ஒட்டி, மணற்பாறையில் அதைப்போல் இரண்டு மடங்கு, கொல்லி மலைக் கருங்கல்லில் ஆறாயிரம் மீட்டரை ஒட்டி ஓடும். இரண்டு செகண்டில் திரும்பிய எதிரொலிக்குச் சராசரி வேகம் 3,000 மீட்டர் என்றால் பாறை 3,000 மீட்டர் ஆழத்தில். வேகம் 3,300 என்றால் 3,300 மீட்டர் ஆழத்தில். வேகத்தில் பத்து சதவீதம் பிசகினால் ஆழத்தில் 300 மீட்டர் அவுட்! ஒரு கிணறு தோண்டக் கோடிக் கணக்கில் ஆகும் இடத்தில் இது சின்னப் பிசகா?

* * *

அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கை அருவிக்குக் கிளம்பினோம். ஆயிரத்துக்கும் மேலே படிகள். இருபதாவது படியிலேயே மாமனாரின் முட்டி வேலை நிறுத்தம் அறிவித்துவிட்டது. "நீங்க போய்ட்டு வாங்க மாப்ள, கீழே போனதும் ஒரு குரல் குடுங்க" என்று உட்கார்ந்து கொண்டார்.

கீழே போய்க் குரல் கொடுத்தேன். எனக்கே கேட்கவில்லை! அருவியின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

ஜியோஃபோனுக்கும் இதே தொல்லை. மூன்று கிலோமீட்டர் கீழேயிருந்து வரும் எதிரொலி வீட்டுப் பிள்ளை மாதிரி மெதுவாகப் பேசும். மேலே பம்ப் செட், பஸ், மாடு, காற்று என்று எல்லாமே கட்சி மீட்டிங் மாதிரி கத்தும்.

இதற்கு 1950-களில் ஹாரி மேயின் என்ற அமெரிக்கர் ஒரு வழி கண்டுபிடித்தார். நாம் தினம் செய்கிற காரியம்தான். பாறையின் ஒரே புள்ளியைப் பல இடங்களில் வெடித்து, பல இடங்களில் கேட்டு, எல்லாப் பதிவுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கூட்டிவிட வேண்டும். நிஜ எதிரொலி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். கூட்டக் கூட்ட வளரும். இரைச்சல் ஒருமுறை கூட்டலாக, ஒருமுறை கழித்தலாக வந்து ஒன்றையொன்று அடித்துக் கொள்ளும். 64 பதிவுகளைக் கூட்டினால் எதிரொலி 64 மடங்காகும். இரைச்சல் எட்டு மடங்குதான் ஆகும். லாபம் எட்டு மடங்கு. வெடி மருந்தைக் கூட்டாமல், காதைக் கூட்டி வந்த லாபம்!

இன்னொரு தொல்லை, விலாசம் தப்பிய தபால். பாறை அடுக்கு சாய்வாக இருந்தால் எதிரொலி நேர் கீழேயிருந்து வராது, பக்கவாட்டிலிருந்து வரும். நாம் அதை நேர் கீழே என்று நினைத்து வரைந்துவிடுவோம். மாமனார் நேர் எதிரே பார்த்துக் கத்தினாரே, பதில் சொன்னது அந்தச் சரிவா, அதற்குப் பக்கத்துச் சரிவா? யாருக்குத் தெரியும்! இந்தத் தபால்களைச் சரியான வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் கணக்குக்கு 'மைக்ரேஷன்' என்று பெயர். 1970-களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் கிளேர்பவுட் அலைச் சமன்பாட்டையே கம்ப்யூட்டரில் ஓட்டி இதைச் செய்தார். 1980-களில் இன்னொரு படி மேலே போனார்கள். பதிவான எதிரொலியைச் சினிமா ரீலைத் திருப்பி ஓட்டுவது போலப் பின்னோக்கி பூமிக்குள் ஓட்டி, எந்தப் புள்ளியிலிருந்து கிளம்பியது என்று பிடிப்பது. தத்துவம் அன்றைக்கே ரெடி. அதைத் தாங்குகிற கம்ப்யூட்டர்தான் வருவதற்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

* * *

மேலே ஏறி வந்தபோது மாமனார் படியோரப் பாறையைத் தடவிக் கொண்டிருந்தார். "என்னா வைரம் பாஞ்ச கல்லு மாப்ள! எத்தனை வருஷம் இருக்கும்?"

"சுமார் 250 கோடி வருஷம், மாமா."

"சும்மா சொல்லாதீங்க."

சும்மா இல்லை. இந்தக் கல்லுக்குப் புவியியல்காரர்கள் வைத்த பெயர் சார்னோக்கைட். கல்கத்தா புகழ் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த ஜாதி. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே வைத்துவிட்டார். நம் பரங்கிமலையும் இதே ஜாதிதான்.

அடுத்து நான் சொன்னதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. "மாமா, இதே குடும்பத்துக் கல்லுதான் நம்ம வயலுக்குக் கீழேயும் இருக்கு. கொஞ்சம் ஆழத்துல."

பதிமூன்று பதினாலு கோடி வருஷங்களுக்கு முன் கோண்டுவானா என்ற பெரிய கண்டம் பிளந்தபோது, நம் கிழக்குக் கரைப் பக்கப் பாறை துண்டு துண்டாக உடைந்து கீழே இறங்கிற்று. சில துண்டுகள் மேடாக நின்றன, சில பள்ளமாகின. பிறகு ஆறுகளும் கடலும் மணலும் சேறும் கொட்டி மூடின. சில இடங்களில் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் தடிமன்! இதுதான் காவிரிப் படுகை. கொல்லி மலை இறங்காமல் நின்ற பக்கம். சீர்காழி இறங்கிப்போன பக்கம்.

இந்தப் படுகையில் முதல் ஆழ்கிணறு தோண்டப்பட்டது 1964-ல். கோவில்களப்பால், நரிமணம் என்று பெயர் சொல்லும்படி எண்ணெய் வந்தது 1980-களின் நடுவில். இருபது வருஷம்! அவ்வளவு நாளும் பார்வையெல்லாம் மேலே படிந்த மணற்பாறை மேல்தான். துரப்பணம் அடியில் இருக்கும் இந்தக் கருங்கல்லைத் தொட்டதும், 'ஆச்சு, இத்தோட சரி' என்று மூட்டை கட்டுவதுதான் உலக வழக்கம். கல்லுக்குள் எண்ணெய் இருக்குமா என்ன?

இருந்தது! 1988-ல் வியட்நாமின் பாக் ஹோ எண்ணெய் வயலில், கடலுக்கடியில் கிரானைட்டுக்குள்ளேயே ஏராளமான எண்ணெய் அகப்பட்டது. கல்லில் ஓட்டை இல்லை. ஆனால் வெடிப்பு இருந்தது. பக்கத்துப் பள்ளத்தில் புதைந்த களிப்பாறை வெந்து எண்ணெயாகி, மேட்டுப் பாறையின் வெடிப்புகளுக்குள் புகுந்து உட்கார்ந்து கொண்டது. நம் பக்கமும் கரைக்கு அப்பால் பி.ஒய்-1 வயலில் எரிவாயு இருப்பது இப்படி வெடித்த அடிப்பாறையில்தான். கரையில், கொள்ளிடம் பக்கத்து மாதானத்தில், 2010-களில் ஓ.என்.ஜி.சி. அடிப்பாறையிலேயே எண்ணெய் கண்டது. கொல்லியில் தலை, கொள்ளிடத்தில் கால்!

இந்த வெடிப்புகளைப் படம் பிடிப்பதுதான் கஷ்டத்திலும் கஷ்டம். எதிரொலிக்கு அடுக்கு வேண்டும். மணற்பாறை, களிப்பாறை என்று இட்லித் தட்டு மாதிரி அடுக்கி இருந்தால் ஒவ்வொரு தட்டும் பதில் சொல்லும். கருங்கல் ஒரே கட்டி. உள்ளே என்ன தட்டு? வெடிப்புகளோ செங்குத்தாக நிற்கின்றன. மேலேயிருந்து போகும் ஒலி அவற்றை உரசிக் கொண்டு போய்விடும். போதாக்குறைக்கு, மேல் அடுக்குகளுக்குள்ளேயே பந்து மாதிரி எகிறி எகிறி வரும் பொய் எதிரொலிகள் வேறு.

ஆகவே நேராகப் பார்க்காமல் சாடையாகப் பார்க்கிறார்கள். எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலி அனுப்பினால், வெடிப்பின் ஓட்டத்தோடு போகும் ஒலி கொஞ்சம் வேகமாகவும், குறுக்கே போவது கொஞ்சம் மெதுவாகவும் வரும். அந்த வித்தியாசம் ஒரு துப்பு. பக்கத்துப் பக்கத்துப் பதிவுகளை ஒப்பிட்டு, திடீரென்று ஒத்துப் போகாத இடத்தில் கோடு போடுவது இன்னொரு துப்பு. பரீட்சையில் ஒரு பெஞ்ச் பூராவும் ஒரே பதில் எழுதியிருக்க, அடுத்த பெஞ்சில் பதில் மாறினால் நடுவில் சுவர் இருக்கிறது என்று அர்த்தம் இல்லையா, அதுபோல!

எண்ணெய்க்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலைக்கு மேற்கே, குப்பத்திலிருந்து பழனி வரை சுமார் 300 கிலோமீட்டருக்கு இதே முறையில் பூமியைத் தட்டிப் பார்த்து, 2003-ல் முடிவுகளை வெளியிட்டது. மேலோடு இங்கே 40 கிலோமீட்டருக்கும் மேல் தடிமனாம். அந்த முடிவு எல்லோரும் படிக்கும்படி அச்சில் இருக்கிறது. மாமனாரின் ஒன்பது மாவுக்குக் கீழே இருப்பதுதான் அவருக்குத் தெரியாது.

* * *

இப்போது ஒரு காமர்ஸ்காரன் சமாச்சாரம்.

இன்றைக்கு இந்தத் துறையில் ராஜா, 'முழு அலைவடிவத் தலைகீழ்க் கணக்கு' என்பது. 1980-களில் லய்லி, டரன்டோலா என்ற விஞ்ஞானிகள் போட்ட விதை. பெரிய கம்ப்யூட்டர்கள் வந்த பிறகுதான் முளைத்தது. முதலில் பூமிக்குள் இப்படி இருக்கும் என்று ஒரு உத்தேசப் படம் போடுகிறார்கள். அந்தப் படத்தில் வெடி வைத்தால் என்ன எதிரொலி வரும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். வயலில் வந்த நிஜ எதிரொலியோடு ஒப்பிடுவார்கள். வித்தியாசம் இருந்தால் படத்தைத் திருத்துவார்கள். மறுபடி ஒப்பீடு, மறுபடி திருத்தம், வித்தியாசம் தேயும் வரை.

ஆபீஸில் டிரையல் பேலன்ஸ் போட்டவர்களுக்கு இது புரியும். ராத்திரி பதினோரு மணிக்கு இரண்டு பக்கமும் டாலி ஆகும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே! ஆனால் டாலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமா? ராமசாமி கணக்கில் போட வேண்டியதைக் கிருஷ்ணசாமி கணக்கில் போட்டாலும் டாலி ஆகும். ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடு கட்டினாலும் டாலி ஆகும்.

பூமிக் கணக்கிலும் அப்படித்தான். வெவ்வேறு பூமிகள் ஏறக்குறைய ஒரே எதிரொலியைத் தர முடியும். அதனால்தான் எவ்வளவு அழகான கலர்ப் படம் கையில் இருந்தாலும், கடைசியில் துளை போட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்ல படம் வீண் துளைகளைக் குறைக்கும்; ஒழிக்காது. நூறு வருஷமாக இந்தத் துறை செய்து வருவது பொய்ப் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருவதுதான்.

இதையெல்லாம் என்னால் முடிந்த தமிழில் மாமனாருக்குச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"அப்ப நம்ம வயலுக்குக் கீழே எண்ணெய் இருக்குன்னு அவனுக்கே நிச்சயமாத் தெரியாதா?"

"துளை போடாத வரைக்கும் தெரியாது, மாமா."

"நிச்சயமாத் தெரியாத விஷயத்துக்கா என் நிலம் பாதி விலைக்குப் போச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. மனுஷர் விடவில்லை. "சரி, அவன்கிட்ட இருக்கிற படத்தை என்கிட்ட காட்டியிருந்தா, 'பாருங்கய்யா, ஒண்ணும் நிச்சயமில்லே'ன்னு வாங்க வந்தவன்கிட்ட நானாவது சொல்லியிருப்பேன்ல?"

நம் நாட்டில் நிலம் பட்டாக்காரருக்கு. அடியில் எண்ணெய் இருந்தால் அது அவருடையதல்ல, அரசுடையது. 2017-ல் நெடுவாசல் மக்கள் போராடினார்கள். 2020-ல் தமிழ்நாடு அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. அந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடத் தடை. ஏற்கெனவே நடப்பவை நடக்கலாம். எடுக்கலாமா வேண்டாமா என்ற வழக்கு எங்கே முடிந்தாலும் சரி, அந்தத் தீர்ப்பை எந்த எதிரொலியும் சொல்லாது. எங்கே இருக்கக்கூடும் என்று மட்டும்தான் அது சொல்லும். ஆனால் வயலில் வெடி வைத்துப் படம் எடுத்தவர்கள் வயல்காரருக்கு அதில் தெரிந்ததை ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுப்பதற்குப் பெரிய கம்ப்யூட்டர் எதுவும் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தால்கூட ரிப்போர்ட்டை நம் கையில்தானே கொடுக்கிறார்கள்?

சாயங்காலம் பஸ் இறங்கத் தொடங்கியது. மாமனார் மடியில் கால் கிலோ மிளகு. ஜிப்பா பையில் படியோரம் பொறுக்கிய ஒரு கருங்கல் சில்லு. கார்த்தி வளைவுகளை எண்ணிக் கொண்டே வந்து நாற்பதில் தூங்கிவிட்டான்.

"கல்லை எதுக்கு மாமா எடுத்துட்டு வர்றீங்க?"

"அடுத்த தடவை எவனாவது நிலம் பார்க்க வந்தான்னா மேஜை மேல வைப்பேன். 'இந்தாப்பா, கீழே இருக்கறது இதான். நல்லாப் பார்த்துக்கோ. எண்ணெய் தெரிஞ்சா சொல்லு'ம்பேன்!"